பதினேழாம் எண் சீட்டு

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். இறந்தவருடைய அக்கா மகன் தன் வாயாலேயே என்னிடம் சொன்னது இது. என் பங்குக்கு ஒரு கமாவைக்கூட நான் சேர்க்கவில்லை.

மதியத்திலிருந்தே அவனுக்குப் பிடரியில் ஏதோ ஈரமாக அரித்துக்கொண்டிருந்தது. வியர்வையென்று விட்டுவிட்டான். செத்துப்போன தாய்மாமாவின் வீட்டில் ஒற்றை ஆளாக நிற்கிறவனுக்குப் பிடரியைப் பற்றிக் கவலைப்பட ஏது நேரம்?

மாமா கட்டை பிரம்மச்சாரி. எப்போது போனாலும் ஒரே பாட்டுத்தான்: "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயேன்டா." இவனிடமும் ஒரே பதில்தான்: "வேலை கிடக்கு மாமா." உயிரோடு இருந்தவரை அவனைக் கால்மணி நேரம் உட்காரவைக்க முடியாத மனிதர், உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவன் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடினார். அன்றிலிருந்து கோர்ட்டுக்கும் இந்த வீட்டுக்குமாக அலைச்சல்.

"சாமான் ஒவ்வொண்ணுக்கும் விலை போட்டு எண் ஒட்டணும். ஒட்டினது எதுவும் கோர்ட்டு உத்தரவு வர்றவரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. ஒரு கரண்டி குறைஞ்சாலும் உங்க தலைதான் உருளும்" என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

மதிப்பீட்டாளர் மதியம் வந்து, சீட்டுகளை நாக்கில் நனைத்து நனைத்து ஒட்டிவிட்டுப் போயிருந்தார். இனிச் சரிபார்த்துப் பூட்ட வேண்டியதுதான் பாக்கி. மாலை ரயிலைப் பிடித்தாக வேண்டும். மகள் பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நிற்கப்போகிறாள். இந்த முறையாவது வருவதாகச் சத்தியம் செய்திருந்தான்.

சுவர்க்கடிகாரம் பதினாறு. சாய்வு நாற்காலி பதினெட்டு. பதினேழைக் காணோம்.

ஜன்னல் இடுக்கில் மிச்சமிருந்த வெளிச்சம் தரையிலிருந்து மெல்லப் பின்வாங்க, யாரும் தொடாத போர்வைகளின் மக்கிய வாசனைக்கு நடுவே மாமா முழங்காலுக்குத் தேய்க்கும் தைலம் இப்போதுதான் மூடி திறந்ததுபோல் மணக்க, அவன் மேசைக்கு அடியிலும் படங்களுக்குப் பின்னாலும் தடவித் தடவித் தேடினான். மின்சாரத்தை அவனே துண்டித்திருந்தான்.

மதிப்பீட்டாளருக்குப் போன் போட்டான்.

"நான் ஒண்ணையும் விடமாட்டேன் சார். இந்தத் தொழில்லயே தலை நரைச்சவன்."

"அப்ப பதினேழு எங்கங்க?"

"அதுவா? உங்க பின்னாலயே சுத்திக்கிட்டிருந்தாரே பெரியவர், அவர் கேட்டு வாங்கிக்கிட்டார். 'இது என் பொருள், நானே ஒட்டிக்கிறேன்'னார். பாவம், பேச்சுத்துணைக்கு ஆளில்லாத மனுஷர் போலிருக்கு."

போனை வைத்தான்.

தைல வாசனை. மிக அருகில்.

கை தானாகப் பிடரிக்குப் போனது. காகிதம். இன்னும் காயாத எச்சில்.

ஓடினான். சாவி திரும்பியது. கதவு அகலத் திறந்தது. எதிரே தெரு. விளக்குகள். தூரத்தில் ரயில் கூவியது.

கால் வாசற்படியைத் தாண்டவில்லை.

பின்னால் சாய்வு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ வாகாகச் சாய்ந்துகொண்டார்கள். பக்கத்திலிருந்த முக்காலி, இருட்டில், அவன் உட்காருவதற்குத் தோதாகத் தரையில் மெல்ல இழுபட்டு வந்தது.

அந்த வீட்டைவிட்டு அவன் இன்றுவரை வெளியே வரவில்லை; நான் உள்ளே போனதும் இல்லை.