சாப்பிட வாடா ராஜராஜா

ராஜராஜன் பர்கரை ஒரு கடி கடித்து, நெடுநேரம் மென்று, தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளிவிட்டு, "இதுலயும் உப்பு இல்லப்பா" என்றான்.

ரெங்கசாமி தன் கையிலிருந்ததைப் பார்த்தார். அவருக்கு உப்பு சரியாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் கொஞ்சம் தூக்கல். பன்னுக்கு நடுவில் வைத்த கோழிக்கறி, மேலே உருகி வழிந்த சீஸ், கடித்தால் மோவாய் வரைக்கும் இறங்கும் அந்த வெள்ளைச் சாறு எல்லாம் நாக்கில் பட்டது. பட்டதே தவிர மனசுக்குப் போகவில்லை. அவருக்கு இப்போது எதுவுமே மனசுக்குப் போவதில்லை. மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோள் மாதிரி உள்ளேயும் ஒரு இடம் காய்த்துக் கிடந்தது.

காரைக்கால் கடற்கரைச் சாலையில் விளக்குகளை அப்போதுதான் போட்டிருந்தார்கள். கடல் பக்கமிருந்து வந்த காற்றில் மீன் வாடையும் எண்ணெய்ப் புகையும் கலந்திருந்தன. பக்கத்து மேசையில் காலேஜ் பிள்ளைகள் பர்கரை வாய்க்குள் நுழைக்கத் தெரியாமல் முழிக்கிற ஒருத்தியைக் கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வாரமா இப்படித்தான் இருக்கு. அம்மா வச்ச கருவாட்டுக் குழம்பு, நௌஷாத் கொண்டாந்த பிரியாணி, எல்லாம் ஒண்ணுதான். சக்கை. இங்க வந்தாலாவது நாக்கு முழிக்கும்னு பார்த்தேன்" என்றான் மகன்.

அவன் மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியபோது இப்படி இல்லை. மூன்று வேளையும் தின்கிறான், ஆனால் நாளுக்கு நாள் உடம்பு இறங்குகிறது. மாயவரத்தில் டாக்டரிடம் காட்டியதற்கு, ரத்தத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். இப்படியே போனால் பிள்ளை தாங்க மாட்டான் என்று ரெங்கசாமிக்குத் தெரிந்தது. தெரிந்தும் பதறவில்லை. பதற வேண்டிய அளவுக்கு அவர் முன்னாலேயே பதறி முடித்துவிட்டார்.

இந்தப் பிள்ளையைத்தான் மாசி அறுவடை நேரத்தில் அவர் புதைத்தார்.

வளைகுடாவில் கூலிக்காரர்கள் தங்கும் கேம்ப் ஒன்று ராத்திரியில் தீப்பிடித்து எரிந்தது. அடுத்த வாரம் தகரம் அடித்த பெட்டியில் உடல் வந்தது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மேலே ராஜராஜன் பெயர் ஒட்டியிருந்தது. நெல் கொள்முதல் நிலையத்தில் தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு, அவரும் ஒரு பக்கம் தோள் கொடுத்து, வாய்க்கால் கரை மேட்டில் கொண்டுபோய் வைத்தார். பிள்ளைக்கு இவ்வளவு கனமா என்று ஒரு நினைப்பு வந்தது. தகரத்தின் கனமாக இருக்கும் என்று விட்டுவிட்டார்.

போன வாரம் அதே பிள்ளை உயிரோடு வந்து வாசலில் நின்றான். தீயில் காகிதங்கள் மாறிப்போயின, இவன் வேறு யாரோ பெயரில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். ஊரே கூடி அழுதது. அவர் மனைவி ஆனந்தவல்லி மயங்கி விழுந்தாள். ரெங்கசாமி மட்டும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வாப்பா, அடுத்து பீர் குடிக்கப் போலாம். அங்கேயே காய்ச்சுறாங்க, அதுவாவது கசக்குதான்னு பார்ப்போம்" என்று ராஜராஜன் எழுந்தான்.

தட்டில் பாதி பர்கர் மிச்சம் இருந்தது. காசு கொடுத்ததை வீணாக்க மனசில்லாமல் ரெங்கசாமி அதை எடுத்து ஒரு கடி கடித்தார். ஈர வைக்கோலை மென்ற மாதிரி இருந்தது. உப்பில்லை, காரமில்லை, எண்ணெய்ப் பசைகூட இல்லை. உடனே தன்னுடையதில் மிச்சமிருந்த துண்டைக் கடித்துப் பார்த்தார். அது காரமாக இருந்தது. ஒரே அடுப்பில் ஒரே கையால் வாட்டியது இரண்டும்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு மகன் பின்னால் நடந்தார்.

பீர்க் கடை இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் இருந்தது. கடையிலேயே காய்ச்சுகிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரிய செம்பு அண்டாக்கள் பளபளத்தன. படி ஏறும்போதே அந்த வாசனை வந்து மூக்கில் ஏறியது. மழையில் நனைந்து, ஏற்ற லாரி வராமல், களத்திலேயே முளை விட்டுப்போன நெல் மூட்டையைப் பிரித்தால் ஒரு சூடும் புளிப்பும் கிளம்புமே, அதே வாசனை. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது, புதிதாய் வெட்டிய மண்ணின் குளிர்ந்த வாசனை. அண்டாவிலிருந்துதான் வருகிறது என்று முதலில் நினைத்தார். உட்கார்ந்த பிறகுதான் அது எதிர்ப்பக்கத்திலிருந்து, மகன் உட்கார்ந்த பக்கத்திலிருந்து வருவது தெரிந்தது.

இரண்டு குவளை வந்தது, நுரை தளும்ப.

"ஐயாவுக்கு முதல் தடவையா? மெதுவா குடிங்க, கோதுமையில போட்டது, ஆளைச் சாய்ச்சிடும்" என்றான் பரிமாறுகிறவன்.

"எங்கப்பா ஒரு நாளைக்கு ஒரு லாரி மூட்டை சாய்க்கிற ஆளு. உங்க பீரு என்ன பண்ணிடும்?" என்றான் ராஜராஜன். மூவரும் சிரித்தார்கள். அவன் மடக்கு மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"தண்ணி" என்றான்.

ரெங்கசாமி அந்தக் குவளையை இழுத்து ஒரு வாய் குடித்தார். தண்ணீருக்காவது ஒரு ருசி உண்டு. கீழே வைக்கும்போது அதன் விளிம்பைப் பார்த்தார். மகன் வாய் வைத்தது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் இன்னொரு உதட்டுத் தடம் இருந்தது. தடித்த உதடு. பழுப்பு நிறம். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

களிமண்.

அப்போதுதான் அவருக்குக் காரியத்தன்று வைத்த படையல் ஞாபகம் வந்தது.

செத்தவர்களுக்குப் பிடித்ததை எல்லாம் இலையில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்தி வெளியே காத்திருப்பார்கள். வந்து சாப்பிட்டுவிட்டால் படைத்ததில் ருசி இருக்காது, சக்கையாகிவிடும் என்பார்கள். ராஜராஜனுக்குப் பிடித்தது இந்தக் கடற்கரைச் சாலை பர்கரும் இந்தக் கடை பீரும் என்று அவன் சிநேகிதன் நௌஷாத் வாங்கிக்கொண்டு வந்தான். ஆனந்தவல்லி இலையில் வைத்து, "சாப்பிட வாடா ராஜராஜா" என்று கூப்பிட்டாள். கதவைத் திறந்த பிறகு எல்லாரும் ஆளுக்கொரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார்கள். யாருக்கும் ருசி தெரியவில்லை. "வந்துட்டுப் போயிருக்கான், என் பிள்ளை வந்து தின்னுட்டுப் போயிருக்கான்" என்று அவள் தரையில் புரண்டு அழுதாள். அதற்கப்புறம் தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் இலை போட்டாள், கூப்பிட்டாள். தினமும் சோறு சக்கையானது.

ஆனால் அப்போது ராஜராஜன் சாகவே இல்லை.

"தம்பி, அன்னைக்கு ராத்திரி உன் கட்டில்ல யாருடா படுத்திருந்தது?"

மகன் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "புதுசா ஒருத்தன் வந்தான்பா, அன்னைக்குச் சாயங்காலம்தான். படுக்க இடமில்லாம நின்னுக்கிட்டிருந்தான். எனக்கு ராத்திரி ஷிப்ட். நீ என் கட்டில்ல படுத்துக்கன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். தீன்னு கேட்டு ஓடி வந்து உள்ள நுழைஞ்சப்ப புகையில விழுந்தவன்தான். நல்ல தாட்டியான ஆளு."

"எந்த ஊரு? பேரு என்ன?"

"கேக்கலப்பா. வந்து கேட்டுக்கலாம்னு..."

அந்தப் பெயர் தெரியாதவனை ராஜராஜன் என்று சொல்லிப் புதைத்தார்கள். ராஜராஜன் என்று சொல்லிப் பால் தெளித்தார்கள். அவன் ஊரில் அவனைத் தேடுகிறவர்கள் யாரும் இருந்தால், அவர்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டது ஒரே ஒரு குரல்தான். பசித்தவனைச் சாப்பிடக் கூப்பிட்ட குரல். அவன் வந்தான். இன்னும் வருகிறான். ராஜராஜன் என்ற பெயருக்கு எங்கே எதை வைத்தாலும் முதல் வாய் அவனுடையது.

ரெங்கசாமி போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவள் போனை உள்ளறையில் சார்ஜில் போட்டிருப்பாள். கொல்லையில் நின்றால் கேட்காது.

"கிளம்பு" என்றார்.

"என்னப்பா?"

"அம்மாகிட்ட சொல்லணும். இனிமே உன்னைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடக் கூடாது. வேற பேர் வச்சுக்கலாம். எதுவா இருந்தாலும் பரவாயில்ல."

அவன் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை. அதுதான் முதல் முறையாக அவர் மனசுக்குப் போனது.

வண்டியை மகன்தான் ஓட்டினான். அவர் பின்னால் உட்கார்ந்தார். ஊர் தாண்டியதும் இரண்டு பக்கமும் குறுவை நடவு முடிந்த வயல்கள், தண்ணீர் கட்டி, இருட்டில் கண்ணாடித் துண்டுகளாய்க் கிடந்தன. தவளைகள் ஓயாமல் கத்தின. வண்டி இழுக்கவில்லை. மகன் முறுக்க முறுக்க எஞ்சின் முக்கியது. பின்சக்கரம் ஒவ்வொரு குழியிலும் அடித்தட்டு இடிக்க இறங்கி ஏறியது. கனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்ல ரெங்கசாமிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அது அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. சீட்டின் கடைசியில். அவர் முதுகில் ஈரமாக ஒரு குளிர் சாய்ந்தது.

அவர் திரும்பவில்லை.

நண்டலாறு செக்போஸ்டில் போலீஸ்காரர் டார்ச்சை ஆட்டி நிறுத்தினார். "ஏம்ப்பா, ட்ரிபிள்ஸ் போறீங்களா? அதுவும் குடிச்சுட்டு?"

"ரெண்டு பேருதான் சார்" என்றான் ராஜராஜன்.

வெளிச்சம் மூன்று இடத்தில் நின்று நின்று நகர்ந்தது. பிறகு மூன்றாவது இடத்துக்குத் திரும்பி வந்தது. போலீஸ்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "ஊது."

ஊதினான்.

"வாடையே இல்லையே. பெரியவர் மேலதான் வருது. சரி, போ. பார்த்துப் போ."

பாலம் தாண்டியதும் ராஜராஜன் தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். "அம்மா கூப்பிடுற மாதிரி இருக்கு."

"வீடு எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்? பேசாம ஓட்டு."

"கூப்பிடுறாப்பா. சாப்பிடத்தான்."

அந்த நொடியில் வண்டி குதித்தது. குழியில் இல்லை. பின்னாலிருந்து ஏதோ இறங்கிக்கொண்ட மாதிரி. சட்டென்று வண்டி லேசாகிப் பறந்தது. முதுகில் குளிர் இல்லை. சீட்டில் கனம் இல்லை.

இல்லாததுதான் பயமாக இருந்தது.

"முறுக்கு" என்றார் ரெங்கசாமி. "முறுக்குடா."

வயல். தென்னை. வாய்க்கால். மேடு. மேட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார். மகன் இடுப்பைப் பிடித்திருந்தார். சட்டைக்குள் இடுப்பைத் தேட வேண்டியிருந்தது.

வாசல் விளக்கு எரிந்தது. ஆனந்தவல்லி குழம்புக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். மாதக்கணக்கில் அவர் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது.

"எங்க போயிட்டீங்க நீங்க? பிள்ளையை மட்டும் முன்னால அனுப்பிட்டு?"

"யாரை?"

"கூப்பிட்டதும் பசின்னு வந்து உட்கார்ந்துட்டான். மூணாந்தடவை சோறு போடுறேன். வந்ததுலேருந்து இன்னைக்குத்தான் வயிறாரத் திங்கிறான்."

உள்ளே கூடத்தில் ஒரு முதுகு தெரிந்தது. அகலமான முதுகு. கொடியில் காய்ந்த ராஜராஜனின் சட்டை அதில் தையல் தெறிக்க ஏறியிருந்தது. இலையை வழிக்கிற சத்தம். மெல்லுகிற சத்தம். உட்கார்ந்த இடத்தைச் சுற்றித் தரையெல்லாம் ஈரம்.

ரெங்கசாமி மகனின் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தார். "இங்க பாரு. இவனைப் பாரு."

அவள் பார்த்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வெளி ஆட்கள் முன்னால் அப்படித்தான் போட்டுக்கொள்வாள்.

"வாங்க தம்பி. இருட்டுல கவனிக்கல. உள்ள வாங்க."

"அம்மா" என்றான் ராஜராஜன்.

வயசுப் பிள்ளைகள் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "சொல்லுங்க தம்பி. உங்க பேரு?"

அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி அசைந்தது.

கூடத்திலிருந்து, வாய் நிறையச் சோற்றோடு, பதில் வந்தது.

"ராஜராஜன்."

"உன்னையக் கேக்கலடா. நீ சாப்பிடு" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளே போனாள். இலைக்கு எதிரில் உட்கார்ந்தாள். குழம்பில் பிசைந்து ஒரு கவளம் உருட்டினாள். நீட்டினாள்.

அது முகத்தைத் திருப்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண். ஈர மண். நடுவில் பிளந்து, சோற்றை வாங்கி, அவள் விரல்களை நக்கிவிட்டு மூடிக்கொண்டது.

வாசலில் ரெங்கசாமியின் பிடியில் ஒரு மணிக்கட்டு காலிச் சாக்கைப்போல் தொங்கியது. அவருக்குப் பக்கத்தில் அந்த இளைஞனின் தொண்டை, ஒன்றுமில்லாததை விழுங்கி, ஏறி இறங்கியது.