மூன்றாவது சிலிண்டர்

மோகனசுந்தரம் தனியாக ஓட்டினால் அந்தக் கார் பூப்போல ஓடியது. மனைவி கௌசிகா ஏறி உட்கார்ந்தால்தான் இன்ஜின் விட்டுவிட்டுத் துடித்து மிஸ்ஸிங் அடித்தது.

தேயிலைத் தோட்ட மலையான வண்டிப்பெரியாரிலிருந்து வாங்கி வந்த பழைய பெட்ரோல் கார். விற்ற இன்னாசிராஜ் சாவியைக் கையில் திணித்துவிட்டு, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருக்கும் மோகனசுந்தரத்துக்கு அப்போது அது உறைக்கவில்லை. பிளக் மாற்றினான், பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்தான். ஒன்றும் பலிக்கவில்லை. ஆள் ஏறும் பாரத்தில் எங்கோ ஒயர் இழுபடுகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஆனால் அவளைவிட இரண்டு மடங்கு எடையுள்ள அவன் ஏறினால் எதுவும் இழுபடவில்லை.

அன்று சாயங்காலம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கரண்டும் போயிருந்தது. திறந்த ஷெட்டுக்குள் வயற்காட்டின் ஈரக்காற்று, பெட்ரோல் வாடை, சூடான ரப்பரின் நெடி, எல்லாவற்றுக்கும் அடியில் பச்சைத் தேயிலை வாடுகிற ஒரு மணம். இந்தச் சமவெளியில் எங்கிருந்தும் வர வழியில்லாத மணம்.

"கண்ணு, சித்த ஏறி உக்காரு. நான் சொன்னா மிதி."

"இந்த வண்டி நமக்கு வேண்டாமுங்க. குடுத்துப் போடுங்க."

"இன்னைக்குப் பாத்தர்றேன். ஆகலைன்னா குடுத்தர்லாம்."

அவள் ஏறினாள். சீராக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் உடனே தடுமாறியது. மூன்று துடிப்பு, பிறகு ஒரு விழுங்கல். அவன் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான். முதலாவதைப் பிடுங்கியதும் இன்ஜின் தணிந்தது. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. மூன்றாவதைப் பிடுங்கினால் மாற்றமே இல்லை. அந்தச் சிலிண்டர் வேலையே செய்யவில்லை. ஆனால் ஒயர் நுனியில் தீப்பொறி நீலமாகக் குதித்தது. அந்த நெருப்பு எங்கே போகிறது?

டைமிங் லைட்டை எடுத்தான். கவ்வியை எந்த ஒயரில் மாட்டுகிறோமோ, அதன் ஒவ்வொரு பொறிக்கும் அது ஒரு முறை பளிச்சிடும். முதல் ஒயரில் மாட்டினான். ஒளி சீராகத் துடித்தது. சுழலும் புல்லியில் இருந்த கோடு நின்ற இடத்தில் நின்றது. டைமிங்கில் பிழையில்லை. கவ்வியை மூன்றாவதுக்கு மாற்றியபோது கை வழுக்க, வெளிச்சம் முன்கண்ணாடிமீது விழுந்தது.

ஸ்டியரிங்கில் கௌசிகா. அவள் பக்கத்துச் சீட்டில் யாரோ.

கவ்வியை மறுபடி முதல் ஒயரில் மாட்டினான். சீட் காலி. மூன்றாவதில் மாட்டினான். உட்கார்ந்திருந்தது.

"கௌசிகா. பக்கத்துல ஆரு?"

"ஆருமில்லீங்களே. ஏனுங்க, லைட்ட எதுக்கு இங்க அடிக்கறீங்க?"

ஒரு பளிச்சிடல் தவறியது. அடுத்ததில் அது அவள் பக்கம் திரும்பியிருந்தது. இன்னொன்று தவறியது. அதன் முகம் அவள் காதோரம் இருந்தது.

"அணைச்சுட்டு எறங்கு. எறங்கு கண்ணு."

அவள் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் நிற்கவில்லை. பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தான். நிற்கவில்லை. தேயிலை மணம் மூச்சை அடைத்தது.

ஒளி தவறியது. இருட்டு.

பிறகு மிஸ்ஸிங் நின்றது. நான்கு சிலிண்டரும் ஒன்றாக, மெத்தென்று ஓடின. கவ்வி மூன்றாவது ஒயரிலேயே இருக்க, கையில் டைமிங் லைட் சீராகத் துடித்தது. பக்கத்துச் சீட்டில் யாருமில்லை. அவனுக்குப் போன மூச்சு வந்தது.

கௌசிகா கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

"இப்பம் சரியாயிட்டுல்லா? ஏன் நிக்கிய? ஏறுங்க, மலைக்குப் போவோம்."

குரல் அவளுடையது. பேச்சு அவளுடையதல்ல. அது வண்டிப்பெரியார்த் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தெற்கத்திக்காரர்களின் பேச்சு.

அவன் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தான். கையிலிருந்த ஒளி பின்கதவுக் கண்ணாடியில் விழுந்தது.

பின்சீட்டில் கௌசிகா. இரண்டு உள்ளங்கைகளாலும் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தாள். வாய் பிளந்திருந்தது. சத்தம் இல்லை.

இருட்டு. சீட் காலி.

ஒளி. உள்ளங்கைகள்.