தடம் விடு

"தடம் விடு" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. கெர்னோட் வலப்பக்கமாகத் தடத்தை விட்டு ஏறி, பனிச்சறுக்கு ஊன்றுகோல்களை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு நின்றான். யாரும் கடந்து போகவில்லை.

திரும்பிப் பார்த்தான். சறுக்கிப் போவதற்கென்று இயந்திரம் பனியில் அழுத்திப் போட்டிருந்த இரண்டு பள்ளங்களும் தண்டவாளம் மாதிரி நீண்டு மூடுபனிக்குள் போய் மறைந்தன. மரக்கிளைகளிலிருந்து பனி பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது. சறுக்குப் பலகைக்குத் தடவிய மெழுகின் வாடை மூக்கிலேயே இருந்தது. மற்றபடி ஈ, காக்கை இல்லை.

இந்தக் கூப்பிடும் வழக்கத்தை மதியம் புர்கிதான் சொல்லிக்கொடுத்திருந்தாள். பலகைகளை வாடகைக்கு விடுகிறவள். ஆஸ்திரியாவின் டைரோல் மலைக்காரிகளுக்கே உரிய வாய். மேலே வந்துவிட்டால் இங்கே யாரும் யாருக்கும் 'நீங்க' கிடையாது, மந்திரியே வந்தாலும் 'நீ'தான். சரிவில் புயலாக இறங்குகிற ஆளுக்குச் சமதளத்தில் நடக்கச் சொல்லித் தரவேண்டியிருக்கிறதே என்று அவனைக் கேலி செய்துகொண்டே, வேகமாக வருகிறவர் குரல் கொடுத்தால் விலகிவிட வேண்டும், அதுதான் இங்கே மரியாதை என்றாள். காலணியை முடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"சரிவைக் குறுக்கால தாண்டுற இடத்துல பார்த்துப் போ. போன வருஷம் எங்க ஹெட்விக்கை ஒருத்தன் அங்கதான் இடிச்சுட்டு ஓடிட்டான். பள்ளிக்கூட டீச்சர். உடனே போகலை பாவம், இருட்டுற வரைக்கும் உயிர் இருந்திருக்கு. வாயில பனி ஏறித்தான் செத்திருக்கா. இன்னும் அவனைத் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."

கெர்னோட் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒருத்தன் அவன்தான்.

மனைவி மார்லீஸுக்கு இது தெரியாது. வருடா வருடம் அவள் குடும்பம் விடுமுறைக்கு வாடகைக்கு எடுக்கிற அதே வீடு. வரமாட்டேன் என்றால் ஏன் என்று குடைவாள். அதனால் முழங்கால் வலி என்று புளுகிச் சரிவுப் பக்கமே போகாமல் நாட்களைத் தள்ளினான். அப்படியானால் தட்டையான தடத்தில் மெதுவாக வாயேன், கால் வலிக்காது என்று அவள் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது எங்கோ முன்னால் போய்விட்டாள். தடம் முடிகிற விடுதியில் சூப்போடு காத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். அந்தத் தடம் அதே சரிவைக் கடக்கும் என்று மேலிருந்தே இறங்கிப் பழகிய இவனுக்கு, புர்கி சொல்லும்வரை எப்படித் தெரியும்?

மறுபடி தடத்தில் இறங்கினான். குதிகால் கட்டப்படாத மெல்லிய பலகை. ஒவ்வொரு தள்ளலுக்கும் சர்ரென்று வழுக்கி நின்றது. சர். சர். பின்னாலும் சர். இவன் நின்றால் அது ஒரு தள்ளல் கூடுதலாகப் போட்டு நின்றது.

எதிரொலி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் எதிரொலிக்கு இருமல் வருமா? ஈரமான இருமல், தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு இருமுகிற மாதிரி.

"தடம் விடு."

இந்த முறை மிக அருகில். விலகினான். காற்று கூட அசையவில்லை. ஆனால் அவன் கண்ணெதிரே, தடத்தில் புதிதாக விழுந்திருந்த பனித்தூள் இரண்டாகப் பிளந்து முன்னோக்கி நகர்ந்தது. ஊன்றுகோல் முனைகள் குத்திய சின்னக் குழிகள் பக்கவாட்டில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. அவை அவனைக் கடந்து போயின. முன்னால் மூடுபனிக்குள் போய் நின்றன.

திரும்பிவிடலாம் என்று பார்த்தான். பின்னால் தடமே இல்லை. வந்த வழியெல்லாம் வழவழவென்று மூடிக் கிடந்தது. முன்னால் மட்டும் இரண்டு கோடுகள், பளிச்சென்று. மார்லீஸ் இருக்கிற பக்கம். போனான். வேறு என்ன செய்வான்?

தடம் கீழ்நோக்கிச் சாய்ந்தது. வேகம் பிடித்தது. மரங்கள் விலகின, வெட்டவெளி, சரிவு. அந்த இடம். நின்றுவிட வேண்டும் என்று இருபது வருடப் பழக்கத்தில் பலகைகளைக் குறுக்கே திருப்பி அழுத்தினான். சரிவில் இறங்குகிற பலகைக்கு இரும்பு விளிம்பு உண்டு, கவ்வும். இதற்கு ஏது? குதிகால் தூக்கிக்கொண்டது. முழங்கால் ஒரு பக்கம் போனது, பாதம் ஒரு பக்கம் போனது.

மளுக்கென்று ஒரு சத்தம்.

மல்லாந்து கிடந்தான். வலி வருவதற்கு முன்னால் குளிர் வந்தது. அப்புறம் வலி. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. போன வருடம் அவள் கிடந்த கிடப்பு ஞாபகம் வந்தது. கால்சட்டை நுனியை அவள் பிடித்துக்கொண்டது. பேர் என்ன என்று அவள் கேட்டது. மலையில் மோதிக்கொண்டால் பேரைச் சொல்லிவிட்டு உதவிக்கு நிற்க வேண்டும். அவன் காலை உதறிக்கொண்டு போனான். அன்று ராத்திரி வறுத்த உருளைக்கிழங்கை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டான்.

கால்சட்டை நுனி இழுபட்டது.

அவன் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டான். கம்பளிக் கையுறை ஒன்று, ஈரமாக, முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, மெல்ல மேலே வந்தது.

"உன் பேர் என்ன?"

"கெர்னோட்" என்று அழுதான். "கெர்னோட் லெக்னர். மன்னிச்சுடு. சொல்லிடுறேன், எல்லார்கிட்டயும் சொல்லிடுறேன்."

"சரி."

தூரத்தில் வெளிச்சம். தலைவிளக்கு. மார்லீஸ்! மரங்களுக்கிடையில் நின்று, கெர்னோட், கெர்னோட் என்று கூப்பிட்டாள். குரலில் பயம். இவன் வாயைத் திறந்தான். கையுறை வாயை மூடியது. அவன் காதுக்குப் பக்கத்தில், அவனுடைய குரல், அவனுடைய அதே சலிப்போடு கத்தியது.

"நான் அப்பவே குறுக்கு வழியில இறங்கிட்டேன், மார்லீஸ். வீட்டுக்குத்தான் போறேன். நீயும் போய்ச் சேரு."

விளக்கு கொஞ்ச நேரம் தயங்கியது. சொல்லியிருக்கலாமில்லையா என்று அவள் திட்டுவது கேட்டது. பிறகு விளக்கு திரும்பியது. சிறுத்தது. போயே போய்விட்டது.

கையுறை வாயிலிருந்து விலகியது. கத்தினான். பனி பெரிது பெரிதாக விழத் தொடங்கியிருந்தது. சத்தம் அவன் முகத்தருகிலேயே அமுங்கியது. முகத்தின் மேல் பனி படிந்தது. உதட்டில், மூக்கில். இப்படியே மூடிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தான். அதில் ஒரு நிம்மதி கூட வந்தது.

அப்போது ஹெட்விக் அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூக்கிலும் வாயிலும் விழுகிற பனியை ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் துடைத்துவிட்டாள். தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, மூச்சுக்கு இடம் விட்டு, அவன் காதுகளைச் சுற்றி இறுக்கமில்லாமல் கட்டினாள். "அவ்வளவு சீக்கிரம் முடியாது" என்றாள். விடிய இன்னும் வெகுநேரம் இருந்தது.