எச்சில் கொடுத்தவர்

உறவினர் பட்டியலில் ஒரு பெயர் கூடுதலாக இருந்தது.

கனடாவிலிருந்து மகன் செந்தூரன் அனுப்பிய மரபணுச் சோதனைக் குழாயில் துப்பி, திருப்பி அனுப்பி, மூன்று மாதம் காத்திருந்து, 2009 மார்கழியில் வவுனியாவில் அஸாமின் இன்ரநெற் கடைக்குள் கனகலிங்கம் வந்து குந்தியதே தன் வம்சப் பெருமையை அச்செடுத்துப் போகத்தான். மகளுக்குச் சம்பந்தம் பேசி வந்தவர்களின் மூஞ்சியில் அதை எறிய வேண்டும். சாதகம் போதாதாம். எச்சிலிலும் குலம் தேடுகிற அற்பப் புத்தி.

தகரக் கூரையில் மழை விடாமல் இரைய, ஈரம் குடித்த பலகைத் தடுப்புக்குள் பழைய மின்விசிறி கரகரத்துக்கொண்டிருக்க, அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் வாசித்தான்.

நல்லதம்பி. தந்தை. நெடுங்கேணி.

தொண்ணூற்றேழில் ஊரே இடம்பெயர்ந்தபோது, நடக்க முடியாத அப்பாவைப் பாயில் விட்டுவிட்டு உழவு இயந்திரத்தில் அலுமாரியை ஏற்றியவன் இவன். ஷெல் விழுந்து செத்தார் என்று எல்லோரையும் நம்பவைத்தான். உடல் கிடைக்கவில்லையென்று தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கொள்ளி வைத்தான். அழுதும் காட்டினான்.

"அஸாம், இதில பிழை. செத்த ஆளைக் காட்டுது."

கடைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. "எச்சில் குடுத்தாத்தான் பேர் வரும், ஐயா."

பெயரைத் திறந்தான். எச்சில் எடுத்தது போன மாதம். நெடுங்கேணிக்கு இன்னும் ஒரு சனமும் திரும்பவில்லை.

அப்போதும் அவனுக்கு வந்த முதல் யோசனை, சம்பந்தக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான். தூ, இவனும் ஒரு மகன்.

பெயரை அழித்தான். திரும்ப வந்தது. மறுபடி அழித்தான். வந்தது. கூடவே ஒரு செய்தியும்.

"நடக்கேலாது எண்டுதானே விட்டிட்டுப் போனனீ. இப்ப நடக்கிறன், மோனை."

மூத்திரம் ஊறிய பாயின் நாற்றம். பின்னாலிருந்து.

"அஸாம்?"

மின்விசிறி நின்றிருந்தது. திரும்பத் துணிவில்லாமல், தலையை மட்டும் தாழ்த்தி, கதிரைக்கு அடியால் பார்த்தான்.

தடுப்பின் வாசலில் தொங்கிய திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள். சேறு. நகமில்லாத விரல்கள்.

வலது கால் மெல்ல உயர்ந்து, அவன் பக்கமாக ஓரடி வைத்தது.