துவாரகைக்கு ஐந்து பேர்

குசினிக்குள் பிட்டு அவிந்துகொண்டிருந்தது. இரஞ்சிதம் தேங்காய் துருவியபடி விறாந்தையில் நடக்கும் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே மேசையில் இந்தியத் தேசப்படமொன்று விரிந்து கிடந்தது. அவளுடைய கணவன் செல்வரத்தினத்தின் தம்பி ஐயாத்துரை அதில் பென்சிலால் கோடிழுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். பம்பாயில் கப்பல் கம்பனி ஒன்றில் வேலை பார்ப்பவன். பல வருடங்களுக்குப் பிறகு, புது மனைவி சத்தியபாமாவுடன் சொந்த ஊரான சரவணைக்கு லீவில் வந்திருந்தான்.

"தலைமன்னாரில கப்பல் ஏறினா இராமேஸ்வரம். அங்கயிருந்து பம்பாய்க்கு ரயில். பேந்து முழுக்கக் கார்தான். என்னோட வேலை செய்யிற ஒராள் தன்ர காரைத் தாறன் எண்டவர். முதல்ல நாசிக், பஞ்சவடி... சீதையம்மனைக் கொண்டுபோன இடமெணை அம்மா! பிறகு திரியம்பகம். அங்கயிருந்து குஜராத்துக்குள்ள இறங்கினா சோமநாதம், துவாரகை..."

"துவாரகை!" மாமியார் சிவக்கொழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள். "கண்ணை மூடமுந்திக் கிருஷ்ணன்ர வாசலை மிதிச்சிட்டாக் காணும் மோனை."

"காருக்கை அஞ்சு பேர். நான் ஓட்டுவன். பக்கத்தில அண்ணை. பின்னால அம்மாவும் சத்தியபாமாவும், நடுவில மீனாவும்."

கதிரையில் ஏறி நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயது மீனலோசனி நிமிர்ந்தாள்.

"அப்ப அம்மா எங்க இருக்கிறது?"

செல்வரத்தினம் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

"அம்மாவும் வெளிக்கிட்டா மாடுகளை ஆர் பாக்கிறது?" என்று மாமிதான் சொன்னாள்.

இரஞ்சிதம் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தாள். "நான் நிக்கிறன் மாமி, அது பறவாயில்லை. ஆனா தம்பி... இவள் யாழ்ப்பாணத்து பஸ்ஸிலயே பண்ணைப் பாலம் தாண்டமுந்தி வயிறு குமட்டிச் சத்தி எடுக்கிறவள். நாள் முழுக்கக் காருக்கை வைச்சிருந்தா தாங்குவாளே?"

"பாத்தியே!" மாமி வெடித்தாள். "தனக்கு இடமில்லை எண்டோன்ன பிள்ளைக்குச் சத்தி வருகுது! நாங்கள் நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டா உனக்கு ஏன் பொறுக்குதில்லை?"

கண்ணில் முட்டிய நீரை விழுங்கிக்கொண்டு இரஞ்சிதம் அடுப்படிக்குத் திரும்பினாள். மாமியின் சொல்லைவிட, அதைக் கேட்டும் வாய் திறவாமல் தேத்தண்ணி குடித்த கணவனின் மௌனமே அவளை அதிகம் சுட்டது.

மீனா அவள் பெற்ற பிள்ளையல்ல. ஐயாத்துரையின் முதல் மனைவி அம்பிகை பம்பாயில் பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் காய்ச்சலில் கண்ணை மூடியபோது, குஞ்சை ஏந்தக் கையில்லாமல் ஐயாத்துரை தவித்து நின்றான். அப்போதுதான் இரஞ்சிதத்துக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. மலைநாட்டில், பண்டாரவளையில் பள்ளிக்கூடம். பெட்டிகூட அடுக்கியாகிவிட்டது. அதை அப்படியே போட்டுவிட்டுக் கணவனோடு கப்பலேறிப் போய், துணியில் சுற்றிய அந்த உயிரை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வந்தாள். ஆட்டுப்பாலைத் திரியில் நனைத்து நனைத்து ஊட்டினாள். வேலை வேறொருத்திக்குப் போயிற்று. அவளுக்கென்று வயிற்றில் ஒன்று தரிக்கவுமில்லை. மீனா மடியில் கிடந்து, அவள் காதுச்சோணையைப் பிடித்தபடி உறங்கும்போது வேறொன்றும் வேண்டும்போல் அவளுக்குத் தோன்றியதுமில்லை.

அன்று பின்னேரம் கிணற்றடியில் மீனாவுக்குத் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சித்தி எனக்கு வெள்ளைச் சட்டை தைச்சு வைச்சிருக்கிறாவாம். பம்பாய்ப் பள்ளிக்கூடத்துக்கு."

இரஞ்சிதத்தின் கையிலிருந்த வாளி நின்றது.

"ஆருக்கு... பள்ளிக்கூடம்?"

"எனக்குத்தான்! உனக்குத் தெரியாதோ? அங்க பள்ளிக்கூடத்தில ஊஞ்சல் இருக்காம். பின்னேரம் நீ வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போவியோ, அப்பா வருவாரோ?"

பிள்ளையின் கண்ணில் கள்ளமில்லை. பம்பாயிலும் அம்மா இருப்பாள் என்றே அது நினைத்துக்கொண்டிருந்தது. இரஞ்சிதம் வாளியைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் துடைத்துச் சட்டை மாற்றிவிட்டு, நேரே மாட்டுக் கொட்டிலுக்குப் போனாள். செல்வரத்தினம் பசுவுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ... பிள்ளையைப் பம்பாயில விட்டிட்டு வரப் போறியளோ?"

அவர் திரும்பவில்லை. "ஆர் சொன்னது?"

"ஆர் சொன்னா என்ன? ஓமோ இல்லையோ?"

"அவன்ர பிள்ளைதானே இரஞ்சிதம்... கலியாணமும் செய்திட்டான். இனித் தன்னோட வைச்சிருக்கப் போறன் எண்டு கேட்டான். நான் என்னெண்டு ஏலாது எண்டுறது?"

"ஏலாது எண்டு சொல்லச் சொன்னனானோ? என்னட்டை ஒரு வார்த்தை கேக்கலாமெல்லோ?"

"கேட்டா... நீர் அழுவீர்."

"அதுக்காக! நான் அழுறதைப் பாக்க ஏலாமல், அழுறதுக்குக்கூட இடம் வைக்காமல் கொண்டுபோகப் பாத்தியளோ?" அவள் அவர் முன்னால் போய் நின்றாள். "எப்பிடி விட்டிட்டு வாறது எண்டு யோசிச்சனீங்கள்? அதையாவது சொல்லுங்கோ."

அவர் வைக்கோலைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "துவாரகையால திரும்பினாப் பிறகு... விடியக் காலமை, பிள்ளை நித்திரையா இருக்கேக்கை... நானும் அம்மாவும் ரயில் ஏறுறது எண்டு..."

"நித்திரையா இருக்கேக்கையோ! ஐயோ... கண்முழிச்சு எழும்பி என்னைத் தேடுவாள்... உங்களைத் தேடுவாள்... ஆரையும் காணாமல் அந்தப் பிஞ்சு என்ன பாடுபடும்! என்ன நெஞ்சப்பா உங்கட நெஞ்சு!"

கொட்டிலின் ஓலை மறைப்புக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. கோழியாக்கும் என்று இருவரும் நினைத்தார்கள்.

மறுநாள் காலை மீனாவைப் பாஸ்போட்டுக்குப் படம் பிடிக்க யாழ்ப்பாணம் கூட்டிப் போவதாக இருந்தது. ஐயாத்துரை வெளிக்கிட்டு நின்றான். சத்தியபாமா சீப்பும் ரிபனுமாக வந்தாள்.

"மீனாக்குஞ்சு!"

பிள்ளையைக் காணவில்லை.

அறைக்குள் இல்லை. குசினிக்குள் இல்லை. பனங்கூடலுக்குள் ஓடிப் போய்த் தேடினார்கள். அயல் வீடுகளில் கேட்டார்கள். சத்தியபாமா கிணற்றுக் கட்டில் கையூன்றி எட்டிப் பார்த்தபோது, "ஐயோ, என்ர அம்மாளாச்சி!" என்று மாமி தலையிலடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

இரஞ்சிதத்துக்கு நேற்றைய சரசரப்பு சுருக்கென்று நினைவு வந்தது. மாட்டுக் கொட்டிலுக்கு ஓடினாள். வேலிக்கென்று அடுக்கியிருந்த பனையோலைகளுக்கும் சுவருக்கும் இடையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு மீனா ஒடுங்கிக் கிடந்தாள்.

"நான் வரமாட்டன்! நான் நித்திரை கொள்ளமாட்டன்! நித்திரை கொண்டா என்னை விட்டிட்டுப் போயிடுவினம்!"

இரஞ்சிதம் அவளை இழுத்து அணைத்தபடி முற்றத்துக்கு வந்தாள். பிள்ளையின் கதறலைக் கேட்ட மாமி எழுந்து வந்த வேகம்...

"அடி பாவி! பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்திட்டாயே! தேப்பனிட்டப் போகவிடாமல் நஞ்சேத்திப் போட்டாயே! பெறாதவளுக்குத் தெரியுமோ பெத்தவன்ர வயித்தெரிவு!"

அந்தச் சொல் விழுந்த இடத்திலேயே இரஞ்சிதம் நின்றாள். ஐயாத்துரையும் முகம் சிவந்து முன்னால் வந்தான்.

"அண்ணி, நான் உங்களைத் தெய்வமா நினைச்சிருந்தனான். நீங்கள்தானே முழுச் சம்மதம் எண்டு சொன்னனீங்கள்? இப்ப ஏன் பிள்ளையை வைச்சு இப்பிடி நாடகம்?"

"நானோ? நான் எப்ப தம்பி சொன்னனான்?"

"அண்ணைதான் சொன்னவர். 'அவள் நல்லாக் களைச்சுப் போனாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனா அவளுக்கும் ஆறுதல்' எண்டு..."

"ஓம் அக்கா," என்றாள் சத்தியபாமா. அவள் முகம் வெளிறியிருந்தது. "நீங்கள் வந்தா வழியெல்லாம் அழுவியளாம், அதாலதான் வர விருப்பமில்லை எண்டு நீங்களே நிக்கிறியளாம் எண்டும் பெரியத்தான் சொன்னவர். அதாலதான் நான் ஒண்டும் கேக்கேல்லை. உங்களுக்குத் தெரியாதோ... ஒண்டுமே தெரியாதோ?"

இரஞ்சிதம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு கணவனைப் பார்த்தாள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

செல்வரத்தினம் வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்... நான்தான் சொன்னனான். அவளுக்கு ஒண்டும் தெரியாது. தம்பிக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை... அவளிட்டச் சொல்லவும் தைரியம் வரேல்லை. ரண்டு பக்கமும் பொய் சொல்லிப்போட்டன். அவள் பிள்ளைக்கு ஒரு சொல்லும் சொல்லிக் குடுக்கேல்லை அம்மா. நேற்று நான் சொன்னதைப் பிள்ளை ஒளிச்சு நிண்டு கேட்டிருக்கு."

மாமி வந்து மருமகளின் கையைப் பிடித்தாள். "ஐயோ... எடி மோளே! நான் என்ன சொல்லிப்போட்டன்! ஆட்டுப்பால் திரியோட விடிய விடிய நீ இருந்ததை இந்தக் கண்ணாலே பாத்தவள்... என்ர வாய் புழுத்துப் போக! இவ்வளவுக்கும் நீ ஏனடி என்னை எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்கேல்லை?"

"கதைச்சா ஆர் மாமி கேட்டிருப்பியள்?"

அவள் குரலில் கோபமில்லை. அதுதான் மாமியை உடைத்தது. கிழவி மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இரஞ்சிதம் ஒரு கையால் பிள்ளையையும் மறுகையால் மாமியையும் தாங்கிக்கொண்டு நின்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்த கண்ணீர் அவளுக்கும் அப்போதுதான் பொலபொலவென்று கொட்டியது.

சத்தியபாமா கிட்ட வந்தாள். "அக்கா, பிள்ளை உங்களோடயே இருக்கட்டும். நான் இவருக்குச் சொல்லுறன். இப்பிடிப் பறிச்சுக்கொண்டு போய் நான் எப்பிடி அதுக்கு அம்மாவாகிறது?"

இரஞ்சிதம் ஐயாத்துரையைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மகளின் சின்னக் காலை ஒரு விரலால் தொட்டபடி நின்றான். காலைத் தொட்டால்கூடப் பிள்ளை உதறிவிடுமோ என்ற பயம் அந்த விரலில் இருந்தது. அவளுக்கு மனம் கரைந்தது.

"இல்லைப் பிள்ளை," என்றாள் சத்தியபாமாவிடம். "பெத்த தேப்பன் இருக்க, ஒளிச்சு வைச்சிருக்க நான் இவளை வளக்கேல்லை. ஒரு நாளைக்கு இவள் போகத்தான் வேணும், அது எனக்குத் தெரியும். ஆனா நித்திரையில விட்டிட்டு வாறது மட்டும் நடக்காது. நானும் வாறன். துவாரகைக்கும் வாறன், பம்பாய்க்கும் வாறன். உம்மோட இவள் சிரிச்சுக் கதைச்சு, உம்மட கையால சாப்பிட்டு, 'அம்மா, நீ போயிட்டு வா' எண்டு தன்ர வாயால சொல்லுமட்டும் நான் அங்க நிப்பன். எவ்வளவு காலமெண்டாலும் நிப்பன். சொல்லாட்டி... இவளோடதான் திரும்புவன். இதுக்குச் சம்மதமோ தம்பி?"

ஐயாத்துரை தலையை ஆட்டினான்.

"காருக்கை அஞ்சு பேர்தானே..." என்று மாமி கண்ணைத் துடைத்தாள். "நான் நிக்கிறன் மோளே. எனக்கென்ன துவாரகை!"

"நீங்கள் ஏன் அம்மா நிக்கிறியள்?" செல்வரத்தினம் முதல் தடவையாக நிமிர்ந்து பேசினார். "நான் நிக்கிறன். மாடுகளை நான் பாக்கிறன்."

அன்றைக்கு மத்தியானம் தேசப்படம் மறுபடி மேசையில் விரிந்தது. ஐயாத்துரை பழைய கோடுகளை அழித்தான்.

"அண்ணி, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடலாம்? பிள்ளை எவ்வளவு தாங்கும்?"

"அவளைக் கேளும். போறவள் அவளெல்லோ."

மீனா இரஞ்சிதத்தின் மடியிலிருந்து சந்தேகத்தோடு படத்தைப் பார்த்தாள். பிறகு சின்ன விரலை நாசிக்கில் வைத்தாள்.

"இதில நிப்பாட்டுங்கோ. இறங்கி விளையாடவேணும். பேந்து... அம்மாவுக்கு யன்னல் பக்கம்."

ஐயாத்துரை சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான்.

பயணத்துக்கு முந்திய இரண்டு கிழமையும் இரஞ்சிதம் கணவனோடு தேவைக்கு மட்டுமே பேசினாள். சோறு போட்டாள். உடுப்புத் தோய்த்தாள். பசுக்களில் எது உதைக்கும், எதற்கு எப்போது தவிடு வைக்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். மனதில் கிடந்த முள்ளை மட்டும் அவள் எடுக்கவுமில்லை, எடுத்துவிட்டதாக நடிக்கவுமில்லை.

பயணம் புறப்பட்ட காலை செல்வரத்தினம் பெட்டியைச் சுமந்துகொண்டு பஸ் தரிப்பு வரை வந்தார். மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். மீனா உள்ளே சத்தியபாமாவின் மடியில் இருந்து, "அம்மா, கெதியா வா!" என்று கத்தினாள்.

"இரஞ்சிதம்..." அவர் பெட்டியை பஸ்ஸுக்குள் ஏற்றிவிட்டுத் திரும்பினார். "திரும்பி வருவீரெல்லோ?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மெலிந்து, ஒரு கிழமையாகச் சவரம் செய்யாத முகம்.

"நீங்கள் செய்ததை நான் இன்னும் மறக்கேல்லை. மறந்திட்டன் எண்டு பொய் சொல்லவும் எனக்கு ஏலாது." பிறகு சேலைத் தலைப்பால் அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். "ஆனா வருவன். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. போயிட்டு வாறன்."

பஸ் புறப்பட்டது. செல்வரத்தினம் ஊர் பார்க்கிறதே என்ற வெட்கமில்லாமல் நடுத்தெருவில் நின்று அழுதார். இரஞ்சிதம் யன்னலால் தலையை நீட்டி, அவர் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்துக்கொண்டே போனாள்.