பழுப்பேறிய அம்பு

உப்சாலா, சுவீடன். 1974 மார்ச், வியாழன். மாலை 4.10.

கதவிடுக்கில் கிடந்த மின்கம்பியைத் தாண்டி ஆய்வுக்கூடத்துக்குள் வந்தாள் இன்ஸ்பெக்டர் குன்வோர். கம்பியின் மறுமுனை வெளியே, நடைக்கூடத்து மேசையில் இருந்த காபிக் கெண்டியில் முடிந்தது. காபி நேரமென்றால் இந்த ஊரில் பூமியே சுற்றாமல் காத்திருக்கும்.

"திருட்டு!" என்று குதித்தார் பேராசிரியர் தோர்கெல். "என் கோபால்ட் படிகத்தை மாத்திட்டாங்க. சாவி என்கிட்டயும் இவகிட்டயும்தான்!"

'இவள்' சோல்வெய், அவருடைய மாணவி. நாளைக் காலை பத்து மணிக்கு முனைவர் பட்டத்துக்காகச் சபை முன் நிற்க வேண்டியவள். திருடி என்று ஆகிவிட்டால் ஐந்து வருட உழைப்பும் போச்சு.

"மாத்தினாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?"

"படிகத்தோட காந்தத் திசை எந்தப் பக்கம்னு அது மேல நீல மையில அம்பு போட்டிருந்தேன். மூணு மணிக்கு, அடுப்புக்குள்ள இருக்கறபடியே அளந்தா காந்த முள்ளு அம்புக்குக் குறுக்கால நிக்குது! அடுப்புக் கண்ணாடி வழியா பார்த்தா அம்பும் பழுப்பா இருக்கு. மொத்த சுவிட்சையும் அணைச்சுப் பூட்டிட்டேன்."

குன்வோர் திரும்பினாள். "நீ கடைசியா என்ன செஞ்சம்மா?"

"படிகத்தை அடுப்புக்குள்ள தாங்கியில பசை போட்டு ஒட்டினேன். பசை காய, ரெண்டு இருபத்தஞ்சுக்கு அடுப்பைப் போட்டுட்டு நூலகம் போனேன். வெப்பமானி அறுபது டிகிரி காட்டினா அடுப்பு தானா நின்னுரும்."

"புளுகு! நான் பார்த்தப்போ இருபத்திரண்டு. ஒரு டிகிரிகூட ஏறல!"

குன்வோர் வெப்பமானியின் காகிதச் சுருளைப் பார்த்தாள். கோடு இருபத்திரண்டு டிகிரியில், 2.26 மணியோடு நின்றிருந்தது.

"இன்னிக்கு காபி முறை யாரோடது?"

"என்னோடது. அதுக்கென்ன இப்போ?" என்றார் தோர்கெல்.

"மறுபடி அளங்க."

4.25. முள் சாதுவாக அம்பின் திசையிலேயே நின்றது. பேராசிரியர் குனிந்து மறுபடி மறுபடி பார்த்தார்.

"சோல்வெய், கோபால்ட் ரொம்ப சூடானா என்ன ஆகும்?"

"முந்நூத்தம்பது டிகிரிக்கு மேல அதோட காந்தத் திசை குறுக்கால திரும்பிடும். ஆறினா பழைய திசைக்கே வந்துடும்."

"திருட்டே நடக்கல. குற்றவாளி நீங்கதான், தோர்கெல். கெண்டிக்காக எந்த பிளக்கைப் பிடுங்கினீங்கன்னு பார்த்தீங்களா? வெப்பமானியோடது. அது இருபத்திரண்டுலயே செத்துப்போச்சு. இன்னும் சூடு பத்தலைன்னு அடுப்பு எரிஞ்சுகிட்டே இருந்திருக்கு. மை கருகினதும் அதுலதான்."

"வருஷா வருஷம் நான் நடத்துற பாடம் இது," என்றார் தோர்கெல். காது மடல்வரை சிவந்துவிட்டது. "என்னை மன்னிச்சுடும்மா. நாளைக்கு முதல் ஆளா வந்து உட்காருவேன்."

சோல்வெய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குன்வோருக்கும் மனசு நிறைந்துவிட்டது.

"வாங்க," என்றாள் சோல்வெய் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா நாளைக்கு காபி நான் போடறேன். நீங்க பிளக் பக்கமே போகக் கூடாது."