வெட்டியெடுத்த பதினோரு விநாடி

பாட்டின் நீளம் கூடியிருந்தது. நாற்பது நிமிடம் நாற்பத்தொன்பது விநாடி என்று நுஃமான் தன் கையாலேயே குறித்து இணையத்தில் ஏற்றிய ரெக்கார்டிங், இன்று சாயங்காலம் கம்ப்யூட்டர் திரையில் சரியாக நாற்பத்தோரு நிமிடம் என்று காட்டியது.

பதினோரு விநாடி அதிகம். அது எந்தப் பதினோரு விநாடி என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையைச் சீராக அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக ஏரிச் சேற்றின் வாடையும் நனைந்த வலைகளின் கவிச்சியும் அறைக்குள் வந்து தேங்கின. மனைவி அஃப்ரீன் மீஞ்சூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அவன் மட்டும்.

'உப்பு ரயில்' என்றால் நுஃமானுக்கு உயிர். நாலு பேர் கொண்ட அந்த இசைக்குழு இதுவரை ஒரு ஆல்பம்கூடப் போட்டதில்லை. மேடையில் மட்டும்தான் வாசிப்பார்கள். ஒரு பாட்டை எடுத்தால் அது எங்கே போகும், எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. 'நண்டு நடை' என்ற பாட்டு கொச்சியில் ஒன்பதே நிமிடம். பெங்களூரில் நடுவே மழை கொட்ட, டிரம்காரர் மழையின் தாளத்துக்கே மாறி அரைமணி நேரம் அதிலேயே மிதந்தார். ரசிகர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பிடிக்கும் ரெக்கார்டிங்குகள்தான் குழுவின் சொத்து. நுஃமானிடம் அறுபத்து மூன்று இருந்தன. அத்தனைக்கும் மகுடம், போன மாசியில் பழவேற்காடு ஏரியில் அவனே பிடித்த 'நண்டு நடை'. இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி மேடை. சுற்றிலும் படகுகளில் ரசிகர்கள். "இதுக்கு மேல எவனும் பிடிக்க முடியாது" என்று ரசிகர் குழுவில் நூறு பேர் எழுதினார்கள்.

ரெக்கார்டிங் பிடிப்பவர்களுக்கு இரண்டு சட்டங்கள். ஓடும்போது வாய் திறக்கக் கூடாது. பிறகு எதையும் வெட்டக் கூடாது; இருமலோ குழந்தை அழுகையோ, இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். நுஃமான் முதல் சட்டத்தைக் காப்பாற்றினான். அதனாலேயே இரண்டாவதை மீறினான்.

அன்று அவன் உட்கார்ந்திருந்தது சிநேகிதன் சரவணனின் படகு. இருபத்திரண்டாவது நிமிடம், கிடார் மெல்ல எழும்பி உச்சிக்குப் போன நேரம், பின்னால் கழியூன்றிக்கொண்டிருந்த சரவணன் வழுக்கித் தண்ணீரில் விழுந்தான்.

"டேய் நுஃமான்! வலையில காலு மாட்டிக்கிச்சிடா! கை குடுடா!"

பழவேற்காட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் எவன் சாவான்? எழுந்து நிற்க வேண்டியதுதானே என்று நினைத்தான் நுஃமான். பதில் சொன்னால் குரல் கிடார் மேல் ஏறிவிடும். மைக்கை ஆடாமல் பிடித்தபடி இருந்தான். திரும்பக்கூட இல்லை. படகு முகத்துவாரத்துப் பள்ளத்துக்கு நகர்ந்திருந்தது அவனுக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்து திரும்பினபோது தண்ணீர் சமமாக இருந்தது; சரவணன் இல்லை.

"பாட்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கலம்மா" என்று சரவணனின் மனைவி தேவகியிடம் சொன்னான். அன்றே அந்தப் பதினோரு விநாடியை வெட்டி எறிந்தான்.

இப்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போனான்.

இந்த மாதிரி இசையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் முன்னால் வந்தால் மற்றவர்கள் அடங்கி இடம் விடுவார்கள். அன்றைக்கு யாரும் அடங்கவில்லை. இன்றைக்கு அடங்கினார்கள். கிடார் இறங்கியது. டிரம் நின்றது. கூட்டத்தின் விசில்கூட ஓய்ந்தது.

"டேய் நுஃமான்."

கத்தல் இல்லை. காதுக்குள். ஈர மூச்சோடு.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். கம்ப்யூட்டரை அணைத்தான். திரை இருண்டது.

பாட்டு நிற்கவில்லை.

எங்கிருந்து வருகிறது? சுவரா? கூரையா? தொண்டைக்குழியில் ஏதோ அதிர்ந்தது. தொட்டுப் பார்த்தான். உள்ளேதான்.

கதவு தட்டப்பட்டது. சட்டென்று எல்லாம் அடங்கிவிட்டது.

"அண்ணே, தேவகி வந்திருக்கேன். தொறங்க."

சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள்.

"இன்னாம்மா, இந்த மழையில..."

"உங்க பாட்டுக்கார கூட்டாளிங்க போன் பண்ணாங்க. பாட்டுக்கு நடுவுல யாரோ உங்க பேரச் சொல்லிக் கூப்புடுறாங்களாம். யாருண்ணே அது?"

"எவனோ வெளையாடுறான்மா."

"எனக்கும் அனுப்புனாங்க, கேட்டேன். எட்டு வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தக் குரல் தெரியாதா? அவரு அந்தக் கரையில கூப்புட்டா இந்தக் கரைக்குக் கேக்கும். பக்கத்துல குந்தியிருந்த உங்க காதுல மட்டும் வுழலையாக்கும்!"

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பழகிய பொய்தான் நாக்கில் முந்திக்கொண்டது.

"சத்தியமா, பாட்டு சத்தத்துல ஒண்ணும்..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. திறந்த வாயிலிருந்து கூட்டத்தின் ஆரவாரம் வந்தது. ஜால்ராத் தட்டின் கிணுகிணுப்பு. டிரம். 'நண்டு நடை'யின் முதல் அடி.

வாயை மூடப் பார்த்தான். தாடை அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினான். அசையவில்லை. நாக்கின் மேல் சேறு கரித்தது. மூச்சை இழுக்கப் பார்த்தான். இழுக்க இடமில்லை. ஒரு சத்தம் முடியுமுன் அடுத்தது. நடுவே நூலிழை இடைவெளி இல்லை.

தேவகி பயப்படவில்லை. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். முந்தானையைப் பிழிந்துவிட்டு, அவனுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பாடுங்கண்ணே. முழுசா கேட்டுட்டுதான் போவேன்."

அவன் விலா எலும்புகள் தூக்கித் தூக்கிப் போட்டன. கண்கள் பிதுங்கின. வாய் மட்டும் அகலத் திறந்தபடி நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தது. சரவணன் கூப்பிடும் இடம் வருவதற்கு இன்னும் இருபத்தோரு நிமிடம் இருந்தது.